ஓய்வில் உடல் எரிக்கும் கலோரி: கணக்கிடுவது, சரிபார்ப்பது, எடையைக் குறைக்கப் பயன்படுத்துவது

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ. தண்ணி குடிச்சாக்கூட வெயிட் ஏறுது." இந்தப் புலம்பலை ஆய்வாளர்கள் நேராகவே சோதித்திருக்கிறார்கள். நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை அசையவில்லை என்று வந்தவர்களை நியூயார்க்கில் ஒரு குழு அளந்து பார்த்து, முடிவை 1992-இல் வெளியிட்டது. அவர்களுடைய ஓய்வுச் செலவு (சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரி), உடல்வாகுக்கு எதிர்பார்க்கும் அளவிலிருந்து 5 சதவீதம்கூட விலகவில்லை. விலகியது சாப்பாட்டுக் கணக்குதான். சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் எழுதிய பட்டியலில் ஏறவே இல்லை; உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல முடியாது. கண்ணளவில் எழுதினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

அதற்காக இந்த ஓய்வுச் செலவுக்கும் (ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம், அதாவது மெட்டபாலிசம்) எடைக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. அதிகம் நடமாடாத ஒருவருடைய ஒரு நாள் கலோரிச் செலவில் 60 முதல் 70 சதவீதம் அதுதான். செரிமானத்துக்கு 10 சதவீதம் போல போகும்; மீதிதான் நடை, வேலை, உடற்பயிற்சி. ஓய்வுச் செலவைக் கூட்ட வழி தேடி அலைவதில் கிடைப்பது சொற்பம். அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு சாப்பாட்டை அதற்குப் பொருத்தினால் பலன் உண்டு. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். (உணவுக் கணக்கில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியை.)

சும்மா படுத்திருக்கும்போது செலவு எங்கே போகிறது

மூளையும் கல்லீரலும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 240 கலோரி எரிக்கின்றன. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்குச் சுமார் 440. ஓய்வில் இருக்கும் தசை கிலோவுக்கு 13, கொழுப்பு வெறும் 4.5. எழுபது கிலோ ஆண் ஒருவரை எடுத்துக்கொண்டால், மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் நான்கும் சேர்ந்து நாலு கிலோவுக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் அவருடைய ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் அவற்றுக்கே போய்விடுகிறது.

ஜிம்மில் அடிக்கடி கேட்கும் "தசை ஏத்தினா தூங்கும்போதும் கொழுப்பு எரியும்" என்ற பேச்சின் உண்மை அளவு இதில் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் உழைத்து 2 கிலோ தசை ஏற்றினால் ஓய்வில் கூடுவது 26 கலோரி. அரை இட்லிகூட இல்லை. எடைப் பயிற்சி அவசியம்தான், ஆனால் அதன் காரணம் வேறு. அது பின்னால் வருகிறது.

உடல் பெரிதானால் ஓய்வுச் செலவும் கூடும். அதனால் பருமனானவரின் மொத்த ஓய்வுச் செலவு ஒல்லியானவருடையதைவிட அதிகம்தான். பலர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள். எடை ஏறுவதற்கு முன்பே சிலருக்குச் செலவு சற்றுக் குறைவாக இருக்கக்கூடும் என்பதும் உண்மை. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடையே நடந்த, 1988-இல் வெளியான ஆய்வில், உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக எரித்தவர்கள்தான் அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் எடை போட்டார்கள். எடை ஏறியதும் அவர்களுடைய ஓய்வுச் செலவும் ஏறி, எதிர்பார்த்த அளவை எட்டியது.

வயதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. முப்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பார்கள். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த அளவுகளை வைத்து 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி, கொழுப்பு நீங்கிய உடல் எடையைக் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வரை செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அறுபதுக்கு மேல் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. நாற்பதில் தொப்பை போடுவதற்கு நடை குறைந்தது, தசை கரைந்தது, தூக்கம் கெட்டது, தட்டு பெரிதானது என்று வேறு காரணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: சூத்திரத்தில் முதல் மதிப்பீடு

இன்று பெரும்பாலான உணவியல் நிபுணர்கள் பயன்படுத்துவது 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்.

ஆண்: (10 × எடை கிலோவில்) + (6.25 × உயரம் செ.மீ.யில்) − (5 × வயது) + 5
பெண்: அதே கணக்கு, கடைசியில் 5 கூட்டுவதற்குப் பதில் 161 கழிக்க வேண்டும்.

38 வயது, 158 செ.மீ., 68 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 680 + 987.5 − 190 − 161 = 1,316.5. அதாவது 1,317 கலோரி.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இத்தகைய சூத்திரங்கள் பெரும்பாலும் மேற்கத்திய உடல்களை அளந்து எழுதப்பட்டவை. இந்தியர்களை அளந்தால் அவை பல சமயம் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டுகின்றன. ஒரே எடையில் நமக்குக் கொழுப்பின் பங்கு அதிகம், தசையின் பங்கு குறைவு என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் 2004-இல் தங்கள் உடலையே எடுத்துக்காட்டாக வைத்து இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்.

ஆகவே சூத்திரம் தந்ததை மேல் எல்லையாக வைத்து, அதில் 8 சதவீதம் கழித்ததைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 1,317 மேலே, 1,210 கீழே. உங்கள் உண்மையான எண் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும்.

கையில் பிடித்தோ காலால் மிதித்தோ கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின்கள் "பி.எம்.ஆர்." என்று ஓய்வுச் செலவுக்கு ஒரு எண்ணையும் காட்டும். அவை எதையும் எரித்துப் பார்த்து அளப்பதில்லை. நீங்கள் கொடுத்த வயது, உயரத்தோடு எடையையும் மின்தடையையும் சேர்த்து அவையும் ஒரு சூத்திரத்தில்தான் போடுகின்றன. முந்தின நாள் உப்பு அதிகமானாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ அந்த எண் மாறிவிடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஓய்வுக் கலோரியும் இதே ரகம்.

படி 2: உண்மையிலேயே அளக்க வேண்டுமென்றால்

பெரும்பாலானோருக்கு இந்தச் சோதனை தேவைப்படாது. மிகவும் பருமனானவர்கள், நிறைய எடை குறைத்து முடித்தவர்கள், தீவிர விளையாட்டு வீரர்கள் போன்றோருக்குச் சூத்திரம் அதிகம் தவறும் என்பதால் அளப்பது உதவும். இன்டைரக்ட் கலோரிமெட்ரி என்பது இதன் பெயர். முகத்தில் மாஸ்க் போட்டோ, தலைக்கு மேல் கண்ணாடிக் கூடு கவிழ்த்தோ, நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வருகிறது என்று அளப்பார்கள்.

கணக்கு 1949-இல் வியர் என்பவர் தந்தது: நிமிடத்துக்கு (3.941 × ஆக்ஸிஜன் லிட்டர்) + (1.106 × கார்பன் டை ஆக்ஸைடு லிட்டர்), இதை 1,440 நிமிடங்களால் பெருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு ஆக்ஸிஜன் 0.178, கார்பன் டை ஆக்ஸைடு 0.146 லிட்டர் என்று வந்தால் நாளுக்கு 1,243 கலோரி. சூத்திரம் சொன்னதில் இது 94 சதவீதம். 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இயல்புதான் என்பதால் இதை "ஸ்லோ" என்று யாரும் சொல்ல முடியாது.

சோதனை கெடுவது பெரும்பாலும் தயாரிப்பில்தான். இரவு சாப்பிட்டபின் 10–12 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். காலைக் காபியும் டீயும் கூடாது, பச்சைத் தேநீரும் சேர்த்தி. சிகரெட், புகையிலை வேண்டாம். முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி செய்யாதீர்கள். மூன்றாவது மாடிக்குப் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே படுத்தால் எண் தாறுமாறாக ஏறும். 20–30 நிமிடம் படுத்து அடங்கிய பிறகே தொடங்க வேண்டும். அறை குளிரக் கூடாது, நடுங்கினாலே செலவு கூடிவிடும். தூங்கிவிடவும் கூடாது.

அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதல் 5 நிமிட அளவைக் கழித்திருக்கிறார்களா, அதன்பின் குறைந்தது 5 நிமிடம் இரண்டு வாயுக்களின் அளவும் 10 சதவீதத்துக்குமேல் ஆடாமல் நிலையாக இருந்ததா என்பது ஒன்று. மற்றது ஆர்.கியூ. என்ற விகிதம், அதாவது கார்பன் டை ஆக்ஸைடை ஆக்ஸிஜனால் வகுத்தது. மேலே உள்ள கணக்கில் அது 0.82. இது 0.7-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். 0.65 என்று வந்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்திருக்கலாம், 1.1 என்று வந்தால் பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டிருப்பீர்கள், இல்லையேல் வெறும் வயிறாக வரவில்லை. அந்த அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இன்னொரு நாள் எடுக்கச் சொல்லுங்கள். சில சிறிய கைக்கருவிகள் ஆக்ஸிஜனை மட்டும் அளந்துவிட்டு ஆர்.கியூ. 0.85 என்று தாமே வைத்துக்கொள்ளும். அவற்றில் இந்தச் சரிபார்ப்புக்கு வழியே இல்லை.

படி 3: ஒரு நாளின் மொத்தச் செலவு

ஓய்வுச் செலவை உங்கள் நடமாட்டத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, வண்டியில் போக்குவரத்து என்றால் 1.4. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை பார்க்கும் ஆசிரியர், செவிலியர், கடை ஊழியர் என்றால் 1.6–1.7. வயல் வேலை, கட்டட வேலை என்றால் 1.8-இலிருந்து 2 வரை, சிலருக்கு அதற்கும் மேல். தினம் அரை மணி நேரம் நடைப்பயிற்சி போவதால் 1.4 ஒரேயடியாக 1.7 ஆகிவிடாது. எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 1,210 × 1.4 = 1,694; 1,317 × 1.4 = 1,844. எடை ஏறாமல் இறங்காமல் இருக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் அளவு தேவை.

ஆளுக்கு ஆள் பெரிதாக வேறுபடுவதும் இந்த நடமாட்டத்தில்தான். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 16 பேருக்குத் தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி வீதம் 8 வாரம் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. வித்தியாசத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது எழுவது, நிற்பது, கையைக் காலை ஆட்டுவது, அங்குமிங்கும் நடப்பது போன்ற, உடற்பயிற்சி என்று யாரும் எண்ணாத அசைவுகள். "எவ்வளவு தின்னாலும் உடம்பில் ஒட்டாது" என்று நாம் பொறாமைப்படும் ஆள் ஓர் இடத்தில் உட்காருகிறாரா என்று கவனித்துப் பாருங்கள்.

படி 4: உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது

சூத்திரத்தைவிடவும், பல நேரங்களில் சோதனையைவிடவும், நம்பத்தக்க வழி இதுதான். வேண்டியவை: 100 கிராம் நுணுக்கத்தில் காட்டும் எடை மெஷின், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, ஆறு வாரப் பொறுமை.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்ததும், எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே இடத்தில் வைத்த மெஷினில் எடை பாருங்கள். தரை டைல்ஸ் ஆடினால் மெஷினும் பொய் சொல்லும். தனிநாள் எடையைப் பொருட்படுத்த வேண்டாம். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். ஒரு கல்யாண விருந்து மறுநாள் ஒன்றரைக் கிலோவைக் கூட்டிக் காட்டலாம். அது உப்பும் நீரும் வயிற்றில் இன்னும் கிடக்கும் உணவும்தான்.

சாப்பிடுவதை எழுதும்போது பருப்பு, அரிசி, எண்ணெய், தேங்காய், சர்க்கரை ஆகியவற்றைத் தராசில் நிறுத்தே எழுதுங்கள். வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் 130. வெந்த சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் கணக்கை எழுதினால் எல்லாமே குழம்பிவிடும். துருவிய தேங்காய் 30 கிராம் 100 கலோரியைத் தாண்டும். கெட்டிப் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காபி சுமார் 100; நாளுக்கு மூன்று என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

எண்ணெய்தான் எல்லோரும் ஏமாறும் இடம். தாளிப்பதையும் தோசைக்குச் சுற்றி விடுவதையும் யாராலும் சரியாக எழுத முடியாது. அதற்கு மாதக் கணக்கைப் போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், லிட்டருக்கு 920 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 24,840 கலோரி. முப்பது நாளாலும் நாலு பேராலும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 207. இதைத் தினமும் கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் சேர்த்துவிடுங்கள். பொரித்து மீந்த எண்ணெயைக் கொட்டும் வழக்கம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் வார எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பாடு மாறியதும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறையும். ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீரும் போகும். "ஒரே வாரத்தில் 2 கிலோ" விளம்பரங்கள் பிழைப்பதே இதில்தான். மாதவிடாய் வரும் பெண்களுக்கு அதற்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து எடை ஏறும். அதனால் இரண்டாம் வாரச் சராசரியை ஆறாம் வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். சுழற்சி ஏறக்குறைய 28 நாளாக இருந்தால் இரண்டும் சுழற்சியின் ஒரே கட்டத்தில் வரும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண் இந்தக் காலத்தில் சராசரியாக 1,600 கலோரி எழுதியிருக்கிறார். இரண்டாம் வாரச் சராசரி 67.6 கிலோ, ஆறாம் வாரம் 66.8. குறைந்தது 0.8 கிலோ. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி வீதம் 6,160. இரண்டு சராசரிகளுக்கும் இடைவெளி 28 நாள் (35 நாள் என்று எண்ணி வகுப்பவர்கள் உண்டு, வாரத்தின் நடு நாளிலிருந்து நடு நாளுக்குத்தான் எண்ண வேண்டும்). 6,160-ஐ 28-ஆல் வகுத்தால் 220. ஆக, அவருடைய நாள் செலவு 1,600 + 220 = 1,820.

நோட்டில் தினம் 150 கலோரி விட்டுப்போயிருந்தால்? ஒவ்வொரு நாளும் அதே அளவில் விட்டுப்போனால் பாதகமில்லை. 1,820 என்பது அப்போது அவருடைய நோட்டுக் கணக்கின்படியான செலவு. குறைப்பதும் அதே நோட்டை வைத்துத்தான். வாரநாளில் நிறுத்து எழுதிவிட்டு ஞாயிறு பிரியாணியை "ஒரு பிளேட்" என்று எழுதினால்தான் கணக்கு உடையும்.

படி 5: எவ்வளவு குறைப்பது

கண்டுபிடித்த எண்ணிலிருந்து 300 முதல் 500 வரை கழியுங்கள். இவருக்கு 1,820 − 400 = 1,420. தொடக்கத்தில் வாரம் 350 கிராம் போல இறங்கும்.

இந்த வேகம் நீடிக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 400 × 365 ÷ 7,700 என்று போட்டு "வருஷத்துக்கு 19 கிலோ" என்று கனவு காண்பவர்கள் ஆறாம் மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். எடை இறங்க இறங்கச் செலவும் இறங்கும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் தந்த தோராயக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவருகிறது: நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் இறுதியில் 1 கிலோ, அதில் பாதி முதல் ஆண்டில், கிட்டத்தட்ட முழுதும் மூன்று ஆண்டில். 400 கலோரிக்கு முதல் ஆண்டில் எதிர்பார்க்க வேண்டியது 8 கிலோ.

"ஓய்வுச் செலவுக்குக் கீழே சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடையே குறையாது" என்பது கட்டுக்கதை. அப்படி ஒரு கோடு உடம்பில் இல்லை. ஆனால் 1,200-க்குக் கீழே போனால் புரதமும் இரும்பும் கால்சியமும் போதாமல் போகும், முடி கொட்டும், மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். அந்த அளவுக்கு மருத்துவர் கண்காணிப்பு வேண்டும்.

சாப்பாட்டைக் குறைக்கும்போது புரதத்தில் கை வைக்காதீர்கள். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் இவருக்கு நாளுக்கு 80 கிராம். சோறு, சாம்பார், ரசம், பொரியல் என்ற வழக்கமான தட்டில் இதில் பாதி வருவதே கடினம். சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்ப வேண்டாம். ஆளுக்கு 20 கிராம் பருப்புதான் விழும், அதில் புரதம் 5 கிராம்கூட இல்லை. இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் கோழி அல்லது மீன் 20, காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமை ஊறவைத்துச் செய்த சுண்டல் 10, 100 கிராம் பனீர் 18, 30 கிராம் சோயா சங்க் 15. புரதத்தைச் செரிக்க அதன் கலோரியில் 20–30 சதவீதம் செலவாகிவிடுகிறது; மாவுச்சத்துக்கு 5–10, கொழுப்புக்கு 0–3. பசியையும் அது அடக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எடைப் பயிற்சி இங்கேதான் வேலை செய்கிறது. வெறும் பத்தியத்தில் இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசையாகப் போய்விடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுதல், சுவரில் அல்லது தரையில் தண்டால், டம்பெல் அல்லது தண்ணீர்க் குடத்தை இழுத்துத் தூக்குதல் என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுத்தால் அந்த இழப்பு குறையும். புதிதாகத் தசை ஏறுவதைவிட, இருப்பது போகாமல் காப்பதே பெரிய லாபம்.

படி 6: எடை நின்றுவிட்டால்

இவர் 60 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி ஓய்வுச் செலவு 1,317-இலிருந்து 1,237 ஆகிவிட்டது. 80 கலோரி போயிற்று. இலேசான உடம்பைச் சுமந்து நடப்பதால் நடமாட்டச் செலவும் குறையும். மொத்தத்தில் 110-க்கு மேல். இது போக, உடல் தானாகவே சற்றுச் சிக்கனமாகிறது. சாதாரணமாக எடை குறைப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் சில பத்துக் கலோரியிலிருந்து 100 வரை. எடை சில வாரம் நிலையாக நின்ற பின் அளந்தால் அதுவும் குறைந்து தெரிகிறது.

கடுமையாகக் குறைத்தால் கதை வேறு. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் கால்வாசி போனது. ஓய்வுச் செலவு 40 சதவீதம் போல விழுந்தது. அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி ஒன்றை டி.வி. நிகழ்ச்சியாக நடத்தினார்கள். அதில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தும், ஓய்வுச் செலவு எதிர்பார்ப்பைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. 2016-இல் இது வெளியானபோது பலர் பயந்துபோனார்கள். மாதங்களுக்குள் ஐம்பது கிலோ இறக்கியவர்களின் எண் அது. வாரம் 350 கிராம் குறைப்பவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

எடை நான்கு வாரம் அசையவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது சாப்பாட்டைக் குறைப்பதல்ல. ஒரு வாரம் மறுபடி எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேயே கிடைக்கும். காலடி எண்ணிக்கையையும் பாருங்கள். பத்தியத்தில் இருப்பவர்கள் தமக்கே தெரியாமல் குறைவாக நடமாடுவார்கள். இரண்டும் சரியாக இருந்தால், படி 4-இல் போட்ட கணக்கைப் புதிய எடைக்கு மறுபடி போடுங்கள். ஒவ்வொரு 4–5 கிலோ இறக்கத்துக்கும் இதைச் செய்வது நல்லது. சலிப்புத் தட்டினால் இரண்டு வாரம் குறைப்பை நிறுத்தி, எடையை அப்படியே வைத்திருக்கும் அளவில் சாப்பிடலாம்.

மெட்டபாலிசத்தைக் கூட்டும் என்று விற்கப்படுபவை

காபி கூட்டும், உண்மை. ஒரு கோப்பையில் இருக்கும் 100 மில்லிகிராம் காஃபீன் இரண்டு மணி நேரத்துக்கு 3–4 சதவீதம் ஏற்றும். கணக்குப் போட்டால் 5 கலோரிக்குள். அதில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை 20. பச்சைத் தேநீர், மிளகாய், சீரகத் தண்ணீர், எலுமிச்சைத் தேன் எதுவும் எடையில் தெரியும் அளவுக்கு ஏற்றுவதில்லை. காலையில் எழுந்ததும் சாப்பிட்டால் "எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்", ஆறு வேளை சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் எரிப்பு கூடும் என்பதெல்லாம் அளந்து பார்த்ததில் நிற்கவில்லை. செரிமானச் செலவு மொத்த உணவைப் பொறுத்தது; எத்தனை தவணையில் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்ததல்ல.

உண்மையிலேயே பெரிதாகக் கூட்டும் பொருள் ஒன்று உண்டு: டைநைட்ரோபீனால். 1933-இல் அமெரிக்காவில் எடை குறைக்கும் மருந்தாகப் பரவியது. உடல் வெப்பம் கட்டுக்கு மீறி ஏறி ஆட்கள் இறந்ததாலும், பலருக்குக் கண்புரை வந்ததாலும் 1938-இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று தடை செய்யப்பட்டது. இன்றும் இணையத்தில் மாத்திரையாக விற்கிறார்கள், இன்றும் சாகிறார்கள். தைராய்டு குறைபாடு இல்லாதவர் எடைக்காகத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) விழுங்குவதும் விபரீதம்தான்: இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தைராய்டு குறைந்தால் ஓய்வுச் செலவு குறைவது உண்மை. ஆனால் அதனால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், மாதவிடாய் மாற்றம் ஆகியவற்றோடு எடையும் ஏறினால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரும் ஓலன்சபின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் போன்ற மருந்துகள் எடையை ஏற்றக்கூடும். பலவற்றில் அது பசியைத் தூண்டுவதன் வழியாகத்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். கர்ப்பிணிகளும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும், உணவை நினைத்தாலே பயமும் குற்ற உணர்வும் வருபவர்களும் மேலே சொன்ன நோட்டுக் கணக்கைத் தனியாகத் தொடங்க வேண்டாம். முயற்சி செய்யாமலே எடை இறங்கிக்கொண்டிருந்தால், அது சந்தோஷப்படும் சேதியல்ல. ஆறு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதம் தானாகப் போயிருந்தால் தாமதிக்காமல் பரிசோதனைக்குப் போங்கள்.